சத்து மாத்திரை கம்பெனிகளுக்கு, அந்த ஆரஞ்சு நிறத்தைப் பற்றி ஒரு திறந்த மடல்

சத்து மாத்திரை தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

"இது மருந்து இல்லை மேடம், ஃபுட் சப்ளிமெண்ட். அதனால் சைடு எஃபெக்ட் எதுவும் வராது."

உங்களில் ஒரு நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி எண்ணில் பேசிய பெண் என்னிடம் சொன்னது இது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், எதிரே திரையில் என்ன எழுதியிருந்ததோ அதைப் படித்திருப்பார். ஆனால் அந்த வரியை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், யாரோ சரி என்று தலையாட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு இல்லை. கடந்த இரண்டு மாதமாக மெடிக்கலுக்குப் போகும்போதெல்லாம் சத்து மாத்திரைக் குழாய்களையும் டப்பாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவரைத் திட்டிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை.

என் அம்மாவுக்கு வயது 63. ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். மஞ்சள் பாலிஷ் போடுகிற இடத்தில் தூசி எப்படிப் பறக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இமை வரைக்கும் மஞ்சளாக இருக்கும். இழுப்பு அங்கே ஆரம்பித்ததா, பாட்டியிடமிருந்து வந்ததா என்பது எங்கள் வீட்டில் முடியாத வாக்குவாதம். எப்படியோ, இருபது வருடமாக ஆஸ்துமா. நடுவில் மூக்கில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆனது. அதற்கடுத்த வருடம் தலைவலிக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரை ஒன்றைப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் உதடு நீலம் பாரித்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் மணிபர்ஸில் வைத்திருக்கிறோம்.

ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை, இந்த மூன்றும் ஒன்றாக வருவது நுரையீரல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன சேர்க்கை. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு ஆஸ்பிரின் இப்படி இழுப்பைக் கிளப்பிவிடும் என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கு. இந்தியாவில் ஆஸ்துமாக்காரர்கள் மூன்று கோடிக்கும் மேல். பெருக்கிப் பார்க்கும் வேலையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன், விற்பனைக் கணக்கு பார்க்கிறவர்கள்தானே.

அம்மா ஒழுங்கானவர். இழுப்பு வராமல் தடுக்கும் பழுப்பு பம்ப் காலையும் இரவும், வாயைக் கொப்பளித்துத் துப்புவது உட்பட எதையும் விடமாட்டார். இழுப்பு வந்தால் மட்டும் அடிக்கும் நீல பம்ப் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் வெளியே வரும். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்க பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு குழாய் இருக்கிறதே, எண் கூடினால் நல்லது, அதில் காலையும் இரவும் ஊதி, வரும் எண்ணை அன்றைய நாள்காட்டித் தாளிலேயே பென்சிலில் எழுதுவார். 290, 300, 310. ராகு காலத்துக்குக் கீழே மூச்சுக் காலம் என்று என் தம்பி கிண்டல் செய்வான். கிழித்த தாள்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றில் போட்டு வைக்கிற வழக்கம் இருந்ததால்தான் இந்த மடலை என்னால் எழுத முடிகிறது.

போன புரட்டாசிக் கடைசியில் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போய்விட்டது, அசதி போகவில்லை. மெடிக்கலில் இருந்த தம்பி, "அக்கா, அம்மாவுக்கு இதைக் குடுங்க, தண்ணில போட்டா கரைஞ்சிரும், தெம்பு வரும்" என்று ஒரு குழாயை எடுத்து வைத்தான். இருபது மாத்திரை. இரண்டு வாங்கினால் ஒன்று சலுகை விலை என்பதால் இரண்டாக வாங்கினேன். ஆமாம், நான்தான் வாங்கினேன்.

ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மாத்திரையைப் போடுவார். அது அடியில் போய் உட்கார்ந்து புஸ்ஸென்று நுரைத்து, ஓரமெல்லாம் கரைந்து ஒரு சின்னப் பொட்டு அளவுக்குச் சுருங்கி, மேலே மிதந்து வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காணாமல் போகும். தண்ணீர் முழுக்க ஆரஞ்சு. அம்மா அதைக் குழந்தை மாதிரி உட்கார்ந்து பார்ப்பார். "கலர் சோடா மாதிரியே இருக்குது கண்ணு" என்பார். டம்ளரைக் கழுவும்போது அடியில் ஒரு ஆரஞ்சு வளையம் நிற்கும், விரலால் தேய்த்தால்தான் போகும். அந்த வளையத்தைத் தினமும் தேய்த்தவள் நான். ஒரு நாள்கூட இது என்ன நிறம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்கைந்து நாளில் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. ஐப்பசி மழை, ஈரம், என்று நினைத்தோம். அப்புறம் தீபாவளி வந்தது, பட்டாசுப் புகை என்று நினைத்தோம். பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தார்கள், அதுவும் கணக்கில் சேர்ந்தது. நாள்காட்டித் தாளில் எண் 270, 250, 220 என்று இறங்கிக்கொண்டே வந்தது, நீல பம்ப் ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை வெளியே வந்தது, நாங்கள் ஜன்னலைச் சாத்துவதும் தலையணை உறையை வெந்நீரில் அலசுவதுமாக இருந்தோம். ஒரு விடியற்காலை, மணி மூன்று இருக்கும், அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, பேச முடியாமல், விரலால் பம்ப் காலி என்று காட்டினார். மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 89. அடுத்தடுத்து மூன்று முறை நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, நான்கு நாள் படுக்கை.

அந்த நான்கு நாளில் நன்றாகத் தேறினார். ஸ்டீராய்டும் நெபுலைசரும் தேற்றின, சந்தேகமில்லை. அதே நான்கு நாள் ஆரஞ்சுத் தண்ணீரும் குடிக்கவில்லை என்பது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் ராத்திரி நானே ஒரு மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், உடம்பு வீக்காக இருக்கிறதே என்று. ஒன்பதரைக்கு இருமல். பதினோரு மணிக்கு நெஞ்சில் விசில். தாளில் 300-இல் இருந்து 210.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார், "உங்க வீட்டுக்குள்ள புதுசா என்ன வந்துச்சு?" நாய், பூனை, கம்பளம், கொசுவத்தி, சாம்பிராணி, எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. வேறு மாத்திரை ஏதாவது? இல்லை. இதோடு நாலாவது முறை எங்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, நாலாவது முறையும் நாங்கள் இல்லை என்றுதான் சொன்னோம், அம்மா எழுந்திருக்கும்போது போகிற போக்கில், "சத்து மாத்திரை மட்டுந்தானுங் குடிக்கிறேன், அது ஒண்ணும் பண்ணாதுங்" என்றார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

குழாயின் வளைந்த ஓரத்தில், ஒட்டு வருகிற இடத்துக்குப் பக்கத்தில், என் போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது: அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள், ஐஎன்எஸ் 102, ஐஎன்எஸ் 110. வெறும் எண், உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு உலக அளவில் கொடுத்திருக்கிற எண். 102 என்பது டார்ட்ரசின் என்கிற மஞ்சள் சாயம், 110 சன்செட் யெல்லோ என்கிற ஆரஞ்சு சாயம் என்று அவர்தான் சொன்னார். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு டார்ட்ரசின் இழுப்பைக் கிளப்பும் என்பது மருத்துவப் புத்தகங்களில் பல காலமாக இருக்கிற விஷயம் என்றார். கூடவே இதையும் சொன்னார், நான் மறைக்கப்போவதில்லை: இது நிரூபணம் ஆகிவிடவில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் மருத்துவமனையில் வைத்து, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறம் தெரியாமல் மறைத்துக் கொடுத்துப் பார்க்கிற சோதனை செய்ய வேண்டும், உங்கள் அம்மாவுக்கு இப்போது அதைச் செய்ய எனக்கு மனமில்லை. இன்னொன்று, வாயு நுரைக்கிற பானத்தைக் குடித்துவிட்டு உடனே படுத்தால் வயிற்றமிலம் மேலேறியும் இழுப்பு வரலாம். இரண்டில் எதுவானாலும் நிறுத்துங்கள்.

நிறுத்தினோம். பதினோரு வாரம் ஆகிறது. நீல பம்ப் இந்தப் பதினோரு வாரத்தில் ஏழு தடவை. தாளில் திரும்பவும் 300, 310. மழையும் நின்றுவிட்டது, பட்டாசும் முடிந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இருபது வருட ஐப்பசிகளில், இருபது தீபாவளிகளில், அம்மாவுக்கு இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை.

சரி, இது ஒரு வீட்டுக் கதை என்று நீங்கள் தள்ளிவிடலாம். ஆனால் அமெரிக்காவில் டாக்டர் சீட்டுக்கு விற்கும் மருந்தில் டார்ட்ரசின் சேர்த்திருந்தால், மருந்தோடு வரும் விவரத்தாளில் ஒரு எச்சரிக்கை போட வேண்டும் என்று அந்த நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விதி வைத்திருக்கிறது. சிலருக்கு ஒவ்வாமை போன்ற விளைவுகள் வரலாம், மூச்சுக்குழாய் ஆஸ்துமாவும் அதில் அடக்கம், பொதுமக்களிடம் இது குறைவுதான், ஆனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது, இதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம். என் அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது மாதிரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலையிலிருந்து 102, 110 உள்ளிட்ட ஆறு சாயங்களில் ஏதாவது ஒன்று சேர்த்த உணவுப் பொருளில், இது குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எழுத வேண்டும். அது ஆஸ்துமா சம்பந்தப்பட்டதல்ல, தெரியும். ஒரு பெட்டியில் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். பழைய ஆய்வுகள் டார்ட்ரசினை மிகையாகக் குற்றம் சாட்டின, பிற்பாடு கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகளில் பாதிக்கப்படுகிறவர்கள் குறைவாகவே தெரிந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் என்ற அமைப்பு 2001-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் எல்லா ஆஸ்துமாக்காரர்களும் டார்ட்ரசினை ஒதுக்குவதால் பலன் இருக்காது, அது ஒத்துக்கொள்ளாது என்று உறுதியான மிகச் சிலரைத் தவிர, என்றுதான் முடித்தது. ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது அந்த மிகச் சிலரைப் பற்றித்தான். தான் அந்தச் சிலரில் ஒருவர் என்று ஒருவருக்குத் தெரிய வேண்டுமானால், தான் குடிப்பதில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டாமா? 102 என்ற எண்ணைப் பார்த்து ஈரோட்டில் மஞ்சள் கிடங்கில் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு என்ன புரியும்?

எண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஐஎன்எஸ் பட்டியலை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். 100 என்றால் குர்குமின், எங்கள் ஊர் மஞ்சளில் இருந்து எடுப்பது. 101 என்றால் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2. அதுவே மஞ்சள் நிறம், பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போவது அதனால்தான். 102 டார்ட்ரசின். பி2 சேர்த்த ஒரு மாத்திரை, ஏற்கெனவே மஞ்சளாக இருக்கிற ஒரு சத்து அதில் இருக்கிறது, அதற்கு மேல் 100-ஐயும் 101-ஐயும் தாண்டிப் போய் 102-ஐ எடுத்திருக்கிறீர்கள். குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது, பி2 வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், செயற்கைச் சாயம் மலிவு, நிறமும் பளிச்சென்று நிற்கும், இந்தக் கஷ்டமெல்லாம் புரிகிறது. புரியாதது ஒன்றுதான், சத்துக்காகக் குடிக்கிற தண்ணீருக்கு நிறம் எதற்கு? வெள்ளையாக இருந்தால் என் அம்மா குடித்திருக்க மாட்டாரா? கசப்பான கஷாயத்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து வளர்ந்தவர்.

சாயத்தோடு விஷயம் நிற்பதில்லை என்பதையும் இந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன். சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள் ஆஸ்துமாக்காரர்களில் 3 முதல் 10 சதவீதம் பேருக்கு இழுப்பைக் கொண்டுவரும் என்கிறார்கள். நம் நாட்டிலேயே 2020-இல் வந்த உணவு லேபிள் விதிகள், கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் சல்ஃபைட் இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாகத் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. அழகுக்கும் இளமைக்கும் என்று விற்கிறார்களே, ராணித் தேனீக்கான ராயல் ஜெல்லி, அதில் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமையும் அரிதாக மரணமும் நேர்ந்ததாகத் தகவல் உண்டு என்று ஆஸ்திரேலியாவில் லேபிளிலேயே எழுத வேண்டும், அது சட்டம். மூட்டு வலிக்கு விற்கும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது, எங்கள் தெருவில் அதைச் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு இது தெரியாது, அதில் ஒருவர் சுத்த சைவம்.

அப்புறம் அந்த "மருந்து இல்லை" என்கிற பேச்சு. உங்கள் குழாயில் "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருக்கிறது. அது சட்டத்துக்காக. அதற்கு நேர் மேலே நோய் எதிர்ப்புச் சக்தி என்று அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அது எதற்காக என்று நம் எல்லோருக்கும் தெரியும். இதே வைட்டமின்களை இதே அளவில், 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கி மருந்தாகவும் விற்கிறார்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் போட்டு உணவாகவும் விற்கிறார்கள். மெடிக்கல் கண்ணாடி அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மருந்துப் பட்டையைத் திருப்பினால் பல நேரம் நிறத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள், டார்ட்ரசின் என்றே. உணவாக மாறியதும் பெயர் போய் எண் வந்துவிடுகிறது. மருந்தால் ஏதாவது ஆனால் அதைச் சொல்ல 1800-180-3024 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, காஜியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் 2011 முதல் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் அந்தத் திட்டத்தை நடத்துகிறது. உங்கள் குழாயில் இருக்கும் எண்ணுக்குப் போட்டால் சைடு எஃபெக்ட் வராது என்கிறீர்கள்.

வராது என்று நீங்கள் சொல்லவே முடியாது என்பதுதான் வேடிக்கை. ஹெல்த் சப்ளிமெண்ட்களுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள், சாப்பிடும்போது எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை, தெரிந்த பக்க விளைவு, யார் சாப்பிடக் கூடாது, எந்த மருந்தோடு ஒத்துப்போகாது என்பதையெல்லாம் பொருந்துகிற இடத்தில் லேபிளில் எழுதச் சொல்கின்றன. பக்க விளைவே வராத பொருளுக்கு எதற்கு இந்த விதி? தெரிந்த பக்க விளைவு என்றால் யாருக்குத் தெரிந்தது? அமெரிக்க எஃப்டிஏ தன் விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருப்பது உங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

"சத்து" என்ற வார்த்தைதான் உங்களுடைய பெரிய சொத்து. அதற்கு முன்னால் எங்களுக்கு எல்லா எச்சரிக்கையும் அவிழ்ந்துவிடுகிறது. ஆஸ்பிரினைக் கண்டால் நூறு அடி தள்ளி நிற்கிற என் அம்மா, மணிபர்ஸில் அட்டை வைத்திருக்கிற என் அம்மா, சத்து என்றதும் குழந்தை மாதிரி டம்ளரை நீட்டினார். நான்கு முறை மருத்துவர்கள் கேட்டும் அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்த நம்பிக்கையை நீங்கள் உருவாக்கவில்லை, அது எங்கள் பாட்டி காலத்திலிருந்து கேழ்வரகுக்கும் முருங்கைக்கீரைக்கும் நாங்கள் கொடுத்து வைத்த நம்பிக்கை. நீங்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வைட்டமின் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறைபாடு இருந்தால் சாப்பிடத்தான் வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்ததை இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் நிறுத்தவும் வேண்டாம். ஆனால் நெஞ்சுக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது என்று விற்கும்போது கொஞ்சம் அடக்கம் வேண்டும். வைட்டமின் டி ஆஸ்துமாவின் கடும் தாக்குதல்களைக் குறைக்கும் என்று 2016-இல் ஒரு காக்ரேன் தொகுப்பு சொன்னது, உடனே விளம்பரங்களில் நுரையீரல் படம் வந்தது. அதே தொகுப்பை 2023-இல் கூடுதல் ஆய்வுகளைச் சேர்த்துப் புதுப்பித்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. அதற்காக எந்த விளம்பரத்திலிருந்தும் நுரையீரல் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

தொலைபேசியில் பலனில்லாததால் மின்னஞ்சல் எழுதினேன். பேட்ச் எண், வாங்கிய ரசீது, மருத்துவமனைச் சீட்டு, நாள்காட்டித் தாள்களின் படம், எல்லாம் வைத்து. கேட்டது மூன்றே விஷயம்: ஒரு மாத்திரையில் இந்த இரண்டு சாயமும் எத்தனை மில்லிகிராம், சல்ஃபைட் உண்டா இல்லையா, இது மாதிரி வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா. பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் தாயாரின் உடல்நிலைக்கு வருந்துகிறோம், எங்கள் தயாரிப்பு எல்லா விதிகளுக்கும் உட்பட்டது, தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது. கீழே 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன், அதே மாத்திரைக்கு. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இழுப்பு வந்த அன்றைக்கு மூச்சு விட முடியாதவர், அன்றைக்கு மூச்சு முட்டச் சிரித்தார்.

இப்போது நான் கேட்பது. இந்த ஒரு நிறுவனத்திடம் மட்டும் இல்லை, உங்கள் எல்லோரிடமும்.

சாயத்தின் பெயரை எழுதுங்கள். எண் இருக்கட்டும், பக்கத்தில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என்று தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழிலும் எழுதுங்கள், குழாயின் ஒட்டுக்கு அடியில் இல்லாமல் அளவு எழுதியிருக்கிற இடத்திலேயே. கூடவே ஒரு வரி: ஆஸ்துமா உள்ளவர்கள், குறிப்பாக ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். இதற்கு அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த முறை லேபிள் அச்சடிக்கும்போது செய்யலாம். சாயமே இல்லாத மாத்திரை ஒன்றையாவது அதே விலையில் கொண்டுவாருங்கள், இயற்கை என்று பச்சை இலைப் படம் போட்டு இரண்டு மடங்குக்கு விற்காமல்.

தொலைபேசியில் உட்கார்ந்திருப்பவர்களின் திரையில் இருக்கும் அந்த வரியை அழியுங்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள்: என்ன ஆனது, எப்போது ஆனது, நிறுத்தியதும் சரியானதா. வருகிற பதிலைப் பதிவு செய்து, வருடத்துக்கு ஒரு தடவை எத்தனை பேர் மூச்சுத்திணறல் என்று சொன்னார்கள் என்பதை வெளியிடுங்கள். அமெரிக்காவில் 2006-இல் வந்த சட்டப்படி, சப்ளிமெண்ட் சாப்பிட்டவருக்குக் கடுமையான பாதிப்பு என்று தகவல் வந்தால் பதினைந்து வேலை நாளுக்குள் கம்பெனி அதை எஃப்டிஏவுக்குச் சொல்லியாக வேண்டும், அங்கே சரக்கு அனுப்புகிற இந்தியக் கம்பெனிகளுக்கு இது புதிதும் இல்லை. ஈரோட்டில் நடந்ததற்கும் அதே பதினைந்து நாள் கொடுங்கள்.

கடைக்காரர்களுக்குச் சலுகை அட்டவணை அனுப்பும் உறையிலேயே ஒரு சீட்டு வையுங்கள், இதைக் கொடுக்கும் முன் ஆஸ்துமா உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி. எங்கள் மெடிக்கல் தம்பிக்கு நான் சொல்லிவிட்டேன், இப்போது கேட்கிறான். மற்ற கடைகளுக்கு என்னால் போக முடியாது, உங்கள் பிரதிநிதிகள் மாதாமாதம் போகிறார்கள்.

கடைசியாக, முடித்து வைத்த அந்தப் புகாரைத் திறந்து என் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இரண்டாவது குழாயில் இன்னும் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கிறது, ஈரம் படாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், சோதித்துப் பார்க்க ஆள் அனுப்பினால் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்து விடுகிறேன். கூப்பன் வேண்டாம்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு மகள்